ஏழு வயர்களும் ஒரு பின்விளக்கும்

வன்னியில் வாழ்ந்த பெண் எவருக்கும் உழவு இயந்திரப் பெட்டியைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2008இலும் 2009இன் முதல் மாதங்களிலும் கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து போனபோதும் கூரைத்தகரம், நெல்மூட்டை, கோழிக்கூடு, வயோதிபர், கைக்குழந்தை அனைத்தையும் ஏற்றிச் சென்றது அந்தப் பெட்டிதான். அப்போது இரவில் விளக்கைப் போடாமல் ஓடினார்கள். வெளிச்சம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் விளக்கில்லாத பெட்டி இன்னும் எமது வீதிகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளை, முன்னால் பெட்டி நிற்பது தெரியாமல் அதன் பின்பலகையில் மோதிய செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். சிலருக்கு அது செய்தி அல்ல, வீட்டுத் துக்கம்.

இந்தக் கட்டுரை அந்தப் பின்விளக்கைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், முன்னால் இழுக்கும் வாகனத்திலிருந்து பின்னால் வரும் பெட்டிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் சின்னஞ்சிறு பிளக்கைப் பற்றியது. பெண்கள் சஞ்சிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்காமல், சகோதரிகளே, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் பணிபுரிவது வன்னியில் அல்ல, கண்டி மாவட்டத்தின் பன்வில பிரதேசத்தில். கண்டியிலிருந்து வத்தேகம ஊடாக வரும் வீதி பன்விலயைத் தாண்டி மடுல்கலை, ஹுலுகங்கை என்று நக்கிள்ஸ் மலையை நோக்கி ஏறுகிறது. வளைவுகள் அதிகம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகீழ்ப் பருவமழையும் உண்டு. பின்னேரம் நான்கு மணிக்கே சில இடங்களில் பனிமூட்டம் இறங்கிவிடும். கொழுந்து மூட்டை, உரம், விறகு என்று தோட்டத்துப் பொருட்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் இந்த வீதியால்தான் போகின்றன. வேலை முடிந்த பெண்கள் அதே பெட்டியில் ஏறி லயத்துக்குத் திரும்புவதையும் காணலாம்.

இங்கேயும் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்றால் சிலர் வியப்படைவார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையகத் தோட்டங்களிலிருந்து உயிர் தப்பி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு பகுதிகளுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்கள் தேடிப்போன பாதுகாப்பு அங்கேயும் கிடைக்கவில்லை. நான் சொல்லப்போகும் அக்கா அவ்வாறு 1983இல் குழந்தையாகக் கிளிநொச்சிக்குப் போனவர். கணவரை 2009இல் இழந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்து, பிறகு மகனோடு பன்வில பக்கத் தோட்டமொன்றிலுள்ள சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பேச்சில் மலையகமும் வன்னியும் கலந்திருக்கும். ஒரே வாக்கியத்தில் "மிஸ்" என்றும் "கதிரை" என்றும் சொல்வார்.

கதிரைதான் அவருடைய தொழில். கல்யாண வீடு, செத்த வீடு, சாமத்திய வீடு எதுவானாலும் கதிரையும் தகரக் கூடாரமும் வாடகைக்குக் கொடுக்கிறார். அதற்காக எண்பதுகளில் வந்த பழைய ஹைலக்ஸ் கெப் ஒன்று வைத்திருக்கிறார். மகன் ஓட்டுவான். கெப்பில் கொள்ளாத கூடாரக் குழாய்களை ஏற்ற, லேன்ட்மாஸ்டர் பெட்டியொன்றைத் திருத்திப் பின்னால் கொழுவிக்கொள்கிறார்கள். "ஏன் இவ்வளவு பழைய வாகனம்?" என்று கேட்பது சுலபம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கெப்புகளின் விலையே ஏறிப்போனது. வரியோடு சேர்ந்த புது வாகனத்தின் விலை எங்கள் பெண்கள் எட்டிப்பார்க்கும் உயரத்தில் இல்லை. ஆகவே முப்பது, நாற்பது வருடப் பழைய வாகனத்தைத்தான் நம்பி வாழவேண்டும். அதன் வயர்களும் அதே வயதுதான்.

பெட்டிக்குப் பிளக் இருக்கவில்லை. கெப்பின் பின்விளக்கு வயரையும் பெட்டி வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பெட்டியைக் கழற்றும்போதெல்லாம் அறுப்பது, கொழுவும்போது முறுக்குவது. மழையில் நனைந்த செம்பு பச்சை பூத்துப்போகும். கராஜ் ஒன்றில் மூன்று தடவை காசு கொடுத்துச் சரி பார்த்தார். மூன்று தடவையும் ஒரு கிழமைதான் எரிந்தது. ஒருநாள் செத்த வீட்டுக்குக் கதிரை இறக்கிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது, வளைவில் பின்னால் வந்த ஆட்டோ பெட்டியில் இடித்தது. உயிர் போகவில்லை. ஆட்டோவில் இருந்த வயதானவரின் முழங்கால் உடைந்தது. வைத்தியச் செலவுக்கு அக்கா கதிரைகளில் பாதியை விற்றார்.

அதன் பிறகுதான் அவர் இந்த வேலையைத் தானே கற்க முடிவெடுத்தார். "மிஸ், லைட்டு எரியலைன்னா பல்பை மாத்துறாங்க. எரிஞ்சா சரின்னு விட்டுர்றாங்க. ஏன் எரியலைன்னு யாரும் பாக்குறதில்ல" என்றார். லொறிச் சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற, உறவுமுறையில் பெரியப்பா ஒருவர் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கீழே வருவது அந்தக் குறிப்புகள்தான். நான் பிறகு வாசித்து அறிந்ததையும் சேர்த்திருக்கிறேன்.

கெப்பின் பின் பம்பருக்குக் கீழே பூட்டப்படுவது சொக்கெட். பெட்டியிலிருந்து வரும் கேபிளின் முனையில் இருப்பது பிளக். இலங்கையில் ஓடும் ஜப்பானிய, ஐரோப்பிய வாகனங்களுக்குப் பொருந்துவது வட்டமான ஏழு ஊசிப் பிளக். இதற்கு ஐ.எஸ்.ஓ 1724 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. 12 வோல்ட் வாகனங்களுக்கானது. ஒவ்வொரு ஊசியின் பக்கத்திலும் பொடி எழுத்தில் இலக்கம் பொறித்திருக்கும். 1 மஞ்சள், இடது சிக்னல். 4 பச்சை, வலது சிக்னல். 6 சிவப்பு, பிரேக் விளக்கு. 7 கறுப்பு, இடப்பக்கப் பின்விளக்கு. 5 பிரவுண், வலப்பக்கப் பின்விளக்கு. 2 நீலம் பின்புறப் பனிமூட்ட விளக்குக்கு உரியது. எங்கள் பெட்டிகளில் அது வெறுமையாகவே இருக்கலாம். மீதி 3, வெள்ளை, எர்த். வீட்டு வயரிங்கைப் பார்த்துப் பழகியவர்கள் பச்சையை எர்த் என்று எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே பச்சை சிக்னல் என்பதை மறக்கக்கூடாது.

இந்த நிறங்கள் பெட்டிக் கேபிளுக்கு மட்டும்தான். கெப்பின் உள் வயர்களுக்கு அந்தந்தக் கம்பனி தனக்கென்று ஒரு நிறமுறை வைத்திருக்கும். அதற்குமேல், முப்பது வருடத்தில் எத்தனை பேர் கைவைத்தார்களோ! நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் பல்ப் வைத்துச் சோதிக்க வேண்டும்.

பெரியப்பாவின் சோதனைக் கருவி, பழைய சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்தது. ஒரு வயர் பட்டரியின் மைனஸ் முனைக்கு. மற்றது சந்தேகப்படும் வயருக்கு. ஒருவர் உள்ளே இருந்து இடது சிக்னல், வலது சிக்னல், பார்க், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட, வெளியே இருப்பவர் எந்த வயரில் பல்ப் எரிகிறது என்று பார்த்துத் துணித்துண்டு கட்டி அடையாளம் வைப்பார். கடையில் விற்கும் சிறிய எல்.ஈ.டி டெஸ்டரும் நல்லதுதான், ஆனால் அது பாதி அழுகிய வயரிலும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். 21 வாட் பல்ப் அப்படி எரியாது. அதற்குக் கரண்ட் அதிகம் வேண்டும், வயர் பழுதென்றால் மங்கிவிடும். மலிவான கருவி உண்மையைச் சொல்கிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அடையாளம் வைத்து முடிந்ததும் பட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அணை வைக்க வேண்டும். மலைப் பிரதேசத்தில் சமதரை என்று நாம் நினைப்பது சமதரை அல்ல. ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்துக்கு அடியில் போகவே கூடாது. பிறகுதான் இணைப்பு வேலை. வயரைக் கடித்துப் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப்புகள் கடைகளில் கிடைக்கும். வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். ஆனால் அது வயரின் தோலைக் கிழித்து வைப்பதால் மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும். பன்வில மழைக்கு அது ஒத்துவராது. தோலைக் கொஞ்சம் சீவி, புது வயரைச் சுற்றி, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுவதே நிலைக்கும். குழாயை முதலில் வயரில் கோர்த்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும்.

விளக்கு வயர்களுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர், எர்த்துக்கு 2.5 என்று கேட்டு வாங்குங்கள். எல்லா விளக்கின் கரண்டும் எர்த் வழியாகவே திரும்பி வருவதால் அது தடிப்பாக இருக்க வேண்டும். கேபிள் சைலன்சர் குழாய்க்குக் கிட்டப் போகக்கூடாது. தகரத்தில் துளை போட்டால் அந்தத் துளைக்கு இறப்பர் வளையம் போடாமல் வயரை விடக்கூடாது. ஓட்டத்தின் அதிர்வில் தகர விளிம்பு கத்தியாகிவிடும். பெட்டியைக் கொழுவி, கெப்பை இடப்பக்கம் முழுதாகவும் வலப்பக்கம் முழுதாகவும் திருப்பிப் பார்த்த பிறகே கேபிளின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். குறைந்தால் முதல் வளைவிலேயே அறும், கூடினால் வீதியில் இழுபட்டுத் தேயும்.

இனி எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "மொதல்ல எர்த்தைப் பாரு புள்ள, மத்ததெல்லாம் அப்புறம்" என்று பெரியப்பா அன்று எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை. பட்டரியிலிருந்து பல்புக்குப் போன கரண்ட் பட்டரிக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். பலர் எர்த் வயரே போடுவதில்லை. பெட்டியும் இரும்பு, கெப்பும் இரும்பு, கொழுவியும் இரும்பு, ஆகவே கரண்ட் கொழுவி வழியாகவே போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. புதிதில் போகும். கொழுவியில் கிறீஸும் துருவும் சேர்ந்ததும் வழி அடைபட்டுவிடும். அப்போது கரண்ட் வேறு பல்புகளுக்குள்ளே புகுந்து திரும்ப வழி தேடும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரியும், இடது சிக்னல் போட்டால் இரண்டு பக்கமும் மினுங்கும், பார்க் லைட்டைப் போட்டால் பிரேக் லைட் செத்துப்போகும். இப்படிப் பைத்தியம் பிடித்த மாதிரி விளக்குகள் நடந்துகொண்டால் பல்பையும் சுவிட்சையும் மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். எர்த்தைப் பாருங்கள். அக்காவின் பெட்டியில் மூன்று தடவை காசு வாங்கியும் சரிவராமல் போனதற்குக் காரணம் இதுவே. சட்டத்தில் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் வெள்ளை வயரைப் போல்ட் வைத்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார்கள். அரை மணித்தியால வேலை.

பியூஸ் பற்றியும் ஒரு கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஒரு பிரேக் பல்ப் 21 வாட். 21ஐ 12ஆல் பிரித்தால் 1.75 அம்பியர். கெப்பில் இரண்டு, பெட்டியில் இரண்டு, மொத்தம் நான்கு பல்புக்கு 7 அம்பியர். பழைய வயரும் சுவிட்சும் பாதி அளவுக்குச் செய்யப்பட்டவை என்பதால், பெட்டிக்கென்று ரிலேயும் தனிப் பியூஸும் போடுவது பாதுகாப்பு. சிக்னலின் மினுங்கும் வேகமும் மாறலாம். கூடுதல் பல்பைத் தாங்கும் பிளாஷர் வாங்கிப் போட்டால் சரியாகும். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பியூஸ் போகிறதென்றால் சிவப்பு வயர் எங்கோ தோலுரிந்து இரும்பில் படுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடிப் பிடிக்காமல் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி பியூஸ் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது வாகனத்துக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

புதிதாகப் பூட்டியது மாத்திரம் போதாது. சொக்கெட்டின் மூடி மேல்நோக்கித் திறக்கிற மாதிரி இருந்தால் தண்ணீர் தேங்காது. ஊசிகள் பச்சை பூத்திருந்தால் நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, மெல்லிதாக வாஸ்லின் பூசலாம். நடுவே பிளவுபட்ட பித்தளை ஊசிகள் நாளடைவில் நெருங்கிப் பிடி தளர்ந்துவிடும். கத்தி நுனியால் மெதுவாக விரித்துவிட்டால் மறுபடி இறுகும். உடைந்த சொக்கெட்டைத் திருத்தப் பார்க்காமல் மாற்றிவிடுவதே மேல். பழைய கேபிளில் தோலைச் சீவும்போது செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும் வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் இருக்கும் பிள்ளைகள் புல்வெட்டும் இயந்திரம் ஏற்றிய பெட்டிகளைப் பிக்கப்பில் கொழுவிக்கொண்டு திரிகிறார்கள். அங்கிருந்து அன்பாக ஒரு பிளக் அனுப்பினால் அது தட்டையான நான்கு வயர்ப் பிளக்காக இருக்கக்கூடும். வட அமெரிக்க முறையில் சிக்னலும் பிரேக்கும் ஒரே பல்பில் எரியும். வெள்ளை எர்த், பிரவுண் பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. எங்கள் வாகனங்களில் சிக்னல் வேறு, பிரேக் வேறு. இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் வாங்கப் போகிறவர்களும் ஊசியின் எண்ணிக்கையோடு வோல்ட்டையும் கேட்க வேண்டும். பெரிய லொறிகள் 24 வோல்ட்; அதற்கு வேறு தரம், வேறு பல்ப். பட்டரியே இல்லாத லேன்ட்மாஸ்டருக்கு இந்த வயரிங் எதுவும் பொருந்தாது. அதன் பெட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புப் பிரதிபலிப்பானைப் பூட்டலாம். விளக்குள்ள பெட்டிக்கும் அதைப் பூட்டுங்கள். பல்ப் போனாலும் பின்னால் வருகிறவரின் வெளிச்சத்தில் அது தெரியும்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இரவில் ஓடும் வாகனத்தின் பின்புறத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்கிறது. பெட்டியும் அதற்கு விலக்கல்ல. ஆனால் பொலிஸ் பிடிக்குமா என்பதை விட, பெட்டிக்குள் உட்கார்ந்து போகும் பெண்கள் என்ன ஆவார்கள் என்பதே எனக்குப் பெரிது. தோட்டத்துப் பெட்டியில் ஏறும் முன் பின்விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள் என்று மாதர் குழுக் கூட்டங்களில் இப்போது சொல்லிவருகிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது சிலர் கேட்கிறார்கள்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு உதவி என்றவுடன் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுப்பது எமது நிறுவனங்களின் வழக்கம். ஒரே ஊரில் இருபது பேர் தைத்தால் யார் வாங்குவது? முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் எத்தனை பேர்! ஓரடி நிலத்தை மணிக்கணக்காகப் பொறுமையோடு சுரண்டிய கைகளுக்கு ஏழு வயர் பெரிதா? மோட்டார் வாகன மின்னியலில் என்.வி.கியூ சான்றிதழ் பெற வழி உண்டு. இலங்கை தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். வேலையை ஏற்கெனவே அனுபவத்தில் கற்றவர்கள், முழுப் பாடநெறியும் படிக்காமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். செய்த வேலைகளின் படங்களையும் திகதிகளையும் சேர்த்து வைப்பது அதற்கு உதவும்.

அக்கா ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார். அம்மா வாகனத்துக்கு அடியில் படுத்திருப்பது மகனுக்கு வெட்கம். ஊரார் வரும்போது "நான் செய்றேன்" என்று இழுத்து எழுப்புகிறானாம். அதற்கிடையில் பக்கத்துத் தோட்டத்து உழவு இயந்திரங்கள் இரண்டு வந்து போய்விட்டன. முதலாவதுக்கு அவர் காசு வாங்கவில்லை. இரண்டாவதுக்குத் தேங்காயும் பாணும் வாங்கிக்கொண்டார். "எவ்வளவு கேக்குறதுன்னு தெரியலை மிஸ்" என்றார். கராஜில் மூன்று தடவையும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அதில் ஒரு தடவைக்கான தொகையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.